கொழுக்குமலையில் எடுத்த பனோரமா ஏன் முறிந்தது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலையில் விடியற்காலையில் நின்று, 24 மெகாபிக்ஸல் ஃபுல்ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் மாட்டி, கையில் பிடித்தபடியே இடமிருந்து வலமாக ஏழு படங்கள் எடுத்திருக்கிறீர்கள். இடக்கோடியில் மீசைப்புலிமலை, வலக்கோடியில் தேனிப் பக்கத்துச் சமவெளிக்கு மேலே சூரியன். வீட்டுக்கு வந்து, லைட்ரூம் என்ற மென்பொருளில் ஏழையும் ஒரே அகலப் படமாக, அதாவது பனோரமாவாக இணைத்தபோது தூரத்து மலைகள் சுத்தமாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் முன்னால் இருந்த தேயிலைச் செடிகளும் வேலிக் கம்பியும் அங்கங்கே முறிந்து நிற்கின்றன. வானத்தின் நடுவில் கருநீலமாக ஒரு பட்டை விழுந்திருக்கிறது. அடிவானம் வில் மாதிரி வளைந்திருக்கிறது. டிரைபாடின்மேல் மாட்டும் பனோரமா ஹெட் வாங்கினால் சரியாகுமா, இல்லை வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. மூன்றுமே நீங்கள் மலைமேல் நின்றிருந்த அந்த அரை நிமிடத்துக்குள் நடந்து முடிந்தவை. மென்பொருள் வீட்டில் செய்வது, நாம் அங்கே செய்ததை வெளியே காட்டுவது மட்டும்தான். அதனால் படத்தில் எது எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்தாலே, நாம் நின்ற விதம் தெரிந்துவிடும்.

முறிந்த தேயிலையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டையும்விட இதுதான் அடிப்படை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். தலையைக் கொஞ்சம் இடமும் வலமும் நகர்த்தினால், விரலுக்குப் பின்னால் இருக்கும் சுவர்க் கடிகாரம் ஒரு பக்கம் மறையும், இன்னொரு பக்கம் வெளிவரும். பார்க்கும் இடம் நகர்ந்தால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றுக்கொன்று இடம் மாறுகின்றன. இதைத்தான் பாராலாக்ஸ் என்கிறார்கள், தமிழில் இடமாறு தோற்றம். ஏழு படங்களும் ஒரே புள்ளியிலிருந்து பார்க்கப்பட்டவையாக இருந்தால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். புள்ளி நகர்ந்துவிட்டால், முதல் படத்தில் ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் மறைந்திருந்த பாறை அடுத்த படத்தில் வெளியே தெரியும். எந்த மென்பொருளும் இரண்டையும் ஒரே நேரத்தில் உண்மையாக்க முடியாது.

அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது? கேமராவின் அடியில் டிரைபாட் மாட்டும் திருகுத் துளையில் இல்லை, சென்சாரிலும் இல்லை. லென்ஸை முன்பக்கமிருந்து உள்ளே எட்டிப் பார்த்தால் ஒளியைக் கட்டுப்படுத்தும் அபெர்ச்சர் துவாரம் ஓர் ஆழத்தில் இருப்பதுபோலத் தெரியும் அல்லவா, அந்தத் தோற்றம் இருக்கும் இடம்தான் அது. இதை நோடல் பாயிண்ட் என்று சொல்வது பரவலாகிவிட்டது. ஒளியியலில் அந்தப் பெயர் வேறொன்றுக்கு உரியது. நமக்கு வேண்டியது நுழைவுத் துவாரம். பெயரில் சண்டை வேண்டாம், இடம் தெரிந்தால் போதும். கேமரா இந்தப் புள்ளியை அச்சாக வைத்துச் சுழன்றால் முறிவு வராது.

உங்கள் விஷயத்தில் எவ்வளவு தவறியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் ஏறக்குறைய 38 பாகை அகலத்தைப் பிடிக்கும். பக்கத்துப் படங்கள் இரண்டும் மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்த வேண்டும் என்று வைத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 25 பாகை திரும்ப வேண்டும். சாதாரண டிரைபாடில் வைத்து, சுழலும் அச்சு அந்தப் புள்ளிக்கு 10 செ.மீ. பின்னால் இருந்தால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் பார்வைப் புள்ளி 4.3 செ.மீ. நகர்கிறது. ஒன்றரை மீட்டர் தூரத்துத் தேயிலைச் செடியில் இது சுமார் 165 பிக்ஸல் பிசகு. அதே பிசகு 5 கி.மீ. தள்ளியிருக்கும் மலையில் ஒரு பிக்ஸலில் இருபதில் ஒரு பங்குதான். 250 மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதற்குமே அது ஒரு பிக்ஸலைத் தாண்டாது.

இப்போது கையில் பிடித்து எடுத்த கதைக்கு வாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் செய்வதுபோல, திரையைப் பார்த்தபடி கையை நீட்டி, இடுப்பைத் திருப்பியிருப்பீர்கள். அப்போது அச்சு உங்கள் முதுகெலும்பு. கேமரா அதிலிருந்து 40 செ.மீ. முன்னால் ஒரு வட்டம் போடுகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் 17 செ.மீ. நகர்வு, தேயிலைச் செடியில் 650 பிக்ஸலுக்கு மேல் பிசகு. வேலிக் கம்பி முறியாமல் எப்படி இருக்கும்? தூரத்து மலைகள் சுத்தமாகச் சேர்ந்த காரணமும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

ஆகவே முதல் தீர்வு செலவில்லாதது. முன்னால் ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். கொழுக்குமலையில் விளிம்பை ஒட்டிப் பாறைகள் இருக்கின்றன. பாதுகாப்பாக நிற்க முடிகிற பாறையில் ஏறி, மிக அருகில் இருப்பதே முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொண்டால், கவனமாகக் கையில் எடுத்தாலே நன்றாக வரும். கவனமாக என்றால், கேமராவை முகத்தோடு ஒட்டி வைத்து, வ்யூஃபைண்டரில் பார்த்து, லென்ஸுக்கு நேர் கீழே தரையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, அந்தக் கல்லைச் சுற்றி நம் கால்களை நகர்த்துவது. நாம்தான் கேமராவைச் சுற்றி வர வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி, லென்ஸ் வளையத்தில் ஒரு நூலைக் கட்டி நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிடுங்கள். நட்டு எப்போதும் அந்தக் கல்லுக்கு மேலேயே இருக்கும்படி திரும்பினால் போதும். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் இதன் பலன் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

முன்னால் தேயிலை இருந்தே ஆக வேண்டும், அந்தப் பச்சைதான் படத்துக்கு உயிர் என்று நினைத்தால், அப்போது டிரைபாடும், கேமராவை முன்னும் பின்னும் தள்ளி நிறுத்தக்கூடிய ஒரு நீளத் தண்டும் வேண்டும். நோடல் ரெயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். பல வரிசைகளாக, மேலும் கீழுமாக எடுக்காதவரை முழு பனோரமா ஹெட் தேவைப்படாது. சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு மீட்டர் தூரத்தில் ஜன்னல் கம்பி, அதற்கு நேர் பின்னால் தெருவில் ஒரு மின்கம்பம். இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி கேமராவை வைத்து, வலப்பக்கம் திருப்புங்கள். மின்கம்பத்தைவிட ஜன்னல் கம்பி இடப்பக்கம் நகர்ந்தால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வலப்பக்கம் நகர்ந்தால் முன்னுக்கு. எவ்வளவு திருப்பினாலும் இரண்டும் பிரியாத ஓர் இடம் வரும். தண்டில் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் குறி மாறும். 24, 35, 50, 70 என்று நான்கு குறிகள் போட்டுவைத்தால் ஆயுசுக்கும் போதும்.

இங்கே ஒரு பழைய படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். காகித நெகட்டிவ், கையால் ஒட்டிய பிரதி. கேமராவை ஓரிடத்தில் நிறுத்திச் சுழற்றி இதை எடுத்திருக்க முடியாது. சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க முடியும். நான் இவ்வளவு நேரம் செய்யக்கூடாது என்று சொன்னதை அவர் செய்தார், அதுவும் சரியாக. ஏனென்றால் கல்வெட்டுச் சுவர் கிட்டத்தட்டத் தட்டையானது. கிட்டம், தூரம் என்ற வேறுபாடே அதில் இல்லை, அதனால் பார்வைப் புள்ளி நகர்ந்தாலும் முறிவதற்கு ஒன்றும் இல்லை. தட்டையான பொருளுக்கு நகரலாம். ஆழமுள்ள நிலக்காட்சிக்கு நகரக்கூடாது. ஒரு பாறை ஓவியத்தையோ கோயில் மதிலையோ எடுக்கப் போனால் டிரைப் வழி, மலையை எடுக்கப் போனால் தூக்குக்குண்டு வழி.

சரி, வானத்துக் கருநீலப் பட்டை.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, உங்கள் லென்ஸில் போலரைசர் ஃபில்டர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியைத் தடுத்து வானத்தைக் கருக்கும் கண்ணாடி, இருந்திருக்கிறது. வானத்து நீலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் முனைவாக்கம் (அந்த ஒரே திசை அதிர்வு) அடைந்திருப்பதில்லை. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி இருக்கும் வானத்தில்தான் அது உச்சம். சூரியன் கிழக்கே இருந்தால் அந்த உச்சம் வடக்கே விழும். மீசைப்புலிமலையிலிருந்து சூரியன் வரை நீங்கள் எடுத்த வீச்சில் வடக்கு கிட்டத்தட்ட நடுவில் வருகிறது. பட்டை அங்கேதானே இருக்கிறது? ஒற்றைப் படத்தில் இந்த மாற்றம் தெரியாமல் போகும். 150 பாகைக்கு விரித்தால் திரைச்சீலை மாதிரித் தொங்கும். பிற்பாடு சரிசெய்வது பெரும் பாடு. பனோரமா எடுக்கும்போது போலரைசரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். அகலம் 60 பாகைக்குள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பட்டை அகலமாக இல்லாமல், ஒவ்வொரு படத்தின் எல்லையிலும் ஏணிப்படி போல வெளிச்சம் மாறியிருந்தால் அது வேறு நோய். கேமரா தானாக வெளிச்சம் அளக்கும் நிலையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். மலைப் பக்கம் திருப்பும்போது இருட்டு என்று நினைத்துக் கூட்டும், சூரியன் பக்கம் வரும்போது குறைக்கும். மென்பொருள் ஓரளவு சமன் செய்துவிடும், ஆனால் வானத்தில் தடம் மிஞ்சும். அதனால் எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். எக்ஸ்போஷர் மேனுவல், ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்தில் நிலையாக, ஐஎஸ்ஓ நிலையாக, ஃபோகஸை ஒருமுறை பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றி. அபெர்ச்சர் எஃப்/8 அல்லது எஃப்/11. படத்தின் மூலைகள் இருண்டு தெரிவதும் அதில் பெருமளவு குறைந்துவிடும். டிரைபாடில் வைத்தால் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுங்கள்.

எந்த வெளிச்சத்தில் பூட்டுவது என்பதுதான் உண்மையான கேள்வி. முதலில் ஒன்றும் எடுக்காமல் கேமராவை முழு வீச்சுக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மிகப் பிரகாசமான இடம் எது? சூரியனுக்கு அருகில் இருக்கும் மேகம். அது வெளுத்துப் போகாத அளவுக்கு கேமராத் திரையில் தெரியும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து வைத்து, அதே அளவில் ஏழையும் எடுங்கள். மீசைப்புலிமலைப் பக்கம் திரையில் இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ரா (RAW), அதாவது சென்சாரின் தகவலைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு வடிவில் எடுத்திருந்தால் இருட்டிலிருந்து மீட்க நிறைய இடம் இருக்கிறது, வெளுத்ததிலிருந்து மீட்க ஒன்றுமே இல்லை. அதற்கும் தாங்காத அளவுக்கு வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுக்கலாம். லைட்ரூம் அந்த இருபத்தொன்றையும் ஒரே வேலையாகச் சேர்த்துக் கொடுத்துவிடும்.

ஆனால் என் அனுபவத்தில் நல்ல வழி அது இல்லை. சூரியன் வருவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடம்தான் பனோரமாவுக்குப் பொன்னான நேரம். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி இருட்டில் ஏறி வருகிறவர்கள் எல்லோரும் சூரியன் தலைகாட்டும் நொடிக்காகக் காத்திருப்பார்கள். அந்த நொடியில் கிழக்குக்கும் மேற்குக்கும் வெளிச்ச வித்தியாசம் சட்டென்று எகிறிவிடும். அதற்கு முன்னால், வானம் முழுக்க ஊதாவும் செம்மையும் பரவி, கீழே பள்ளத்தாக்கில் மேகம் பால் மாதிரித் தேங்கியிருக்கும்போது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் மெதுவாக மாறுகிறது. டிரைபாட் மட்டும் கட்டாயம் வேண்டும், ஷட்டர் அரை நொடி வரைக்கும் போகும். எடுக்கத் தொடங்கினால் நிறுத்தாமல், அரை நிமிடத்துக்குள் முழு வீச்சையும் முடியுங்கள். வெளிச்சம் மாறுவது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதற்கு ஒரு சாட்சி: செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ஊர்தி 2019 நவம்பர் கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, ஏறக்குறைய 180 கோடி பிக்ஸல் கொண்ட ஒரு பனோரமாவுக்கு வழி செய்தது. அதற்கு நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் அங்கத்துப் பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் மட்டுமே எடுத்தார்கள், நிழலும் வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக.

அடிவானம் வளைந்ததற்குக் காரணம் சுழலும் அச்சு செங்குத்தாக இல்லாதது. கேமரா நேராக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கேமராவில் தெரியும் மின்னணு மட்டத்தைப் பார்த்து முதல் படத்தை நேராக வைத்துவிட்டு, சாய்ந்திருக்கும் டிரைபாடின்மேல் அதைத் திருப்பினால், மூன்றாவது படத்தில் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். மட்டம் பார்க்க வேண்டியது டிரைபாடின் அடித்தளத்துக்கு. கொத்தனார் ரசமட்டம் வைப்பதுபோல, சுழலும் தட்டுக்கு அடியில் இருக்கும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கால்களை நீட்டிக் குறைத்து இதைச் செய்வதற்கு மலைச்சரிவில் பொறுமை வேண்டும். கையில் எடுத்தால், கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் அடிவானத்தை ஒவ்வொரு படத்திலும் ஒரே உயரத்தில், முடிந்தவரை நடுவில் வைத்திருப்பதுதான் வழி.

மலையில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. சரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், எது கிடைமட்டம் என்று கண்ணுக்கே தெரியாது. மென்பொருளும் அதில் தடுமாறும். கொழுக்குமலையில் அதிர்ஷ்டவசமாக இரண்டு நம்பகமான கோடுகள் உண்டு: கிழக்கே சமவெளி மங்கலாக வானத்தைத் தொடும் கோடு, பள்ளத்தாக்கில் தேங்கிய மேகத்தின் மேல்மட்டம். அவை இல்லாத இடத்தில் ஒரு கட்டடத்தின் மூலையையோ, நேராக வளர்ந்த சில்வர் ஓக் மரத்தையோ செங்குத்தாக எடுத்துக்கொள்ளலாம். ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கோடுகளை நீங்களே குறித்து, இது கிடை, இது நெடுக்கை என்று சொல்லிக் கொடுக்க முடியும்.

இனி மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம். தெரிந்துகொண்டால் எங்கே அது திணறும் என்பதும் புரியும். முதலில் ஒவ்வொரு படத்திலும் தனித்து அடையாளம் தெரியும் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தேடுகிறது. ஒரு பாறையின் மூலை, ஒரு கிளையின் நுனி, இப்படி. படம் சற்றுச் சாய்ந்தாலும் பெரிதானாலும் அதே புள்ளியை மறுபடி அடையாளம் காணும் முறையை டேவிட் லோ 1999-இல் வெளியிட்டார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரும் மேத்யூ பிரவுனும் 2003-இல் அதைப் பனோரமாவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். படங்களைக் கலைத்துப் போட்டாலும் எது எதற்குப் பக்கத்துப் படம் என்று கணினியே கண்டுபிடிக்கும் நிலை அப்போதுதான் வந்தது. பொருந்திய புள்ளிகளை வைத்துக் கேமரா ஒவ்வொரு முறையும் எவ்வளவு திரும்பியது என்று கணக்கிட்டு, எல்லாப் படங்களின் பிசகையும் சேர்த்துக் குறைக்கிறது. கடைசியாக எல்லைகளைக் கலக்கிறது. இந்தக் கலப்பில் இருக்கும் சாமர்த்தியம் 1983-லேயே பர்ட், அடெல்சன் என்ற இருவர் கண்டது: வானத்து நிறம் போன்ற பெரிய, மெதுவான மாற்றங்களை அகலமான பகுதியில் கலக்க வேண்டும், இலை, புல் போன்ற நுணுக்கங்களைக் குறுகிய கோட்டில் வெட்ட வேண்டும். அதனால்தான் வானத்தில் ஒட்டு தெரிவதில்லை, இலைகளும் இரட்டையாகத் தெரிவதில்லை.

புள்ளி தேடுகிறது என்றேன். பனிமூட்டத்தில் புள்ளிக்கு எங்கே போவது? வெறும் மேகமும் வெறும் வானமும் இருக்கும் படத்தில் அதற்குப் பிடிமானமே இல்லை. கொழுக்குமலை மாதிரி இடத்தில் எனக்கு அதிகம் தோற்றுப்போன படங்கள் இந்த வகைதான். ஆகவே மூட்டம் இருக்கும் நாளில் மேற்பொருத்தத்தைப் பாதி அளவுக்குக் கூட்டிவிடுங்கள். தையற்காரர் மூட்டுவதற்கென்று துணியை உள்ளே விட்டு வெட்டுவார் இல்லையா, அழுத்தமான துணிக்குக் கொஞ்சம் போதும், நூல் பிரியும் துணிக்கு அதிகம் விடுவார். அந்தக் கணக்குதான். ஒவ்வொரு படத்திலும் கீழோரத்தில் ஒரு முகடோ பாறையோ வரும்படி பாருங்கள். முடியாவிட்டால், சுழலும் தட்டில் பாகை அளவு இருந்தால் சமமான இடைவெளியில் திருப்பி, அந்தக் கோணங்களை ஹ்யூகினில் கையால் கொடுத்துவிடலாம்.

மூட்டம் நகரவும் செய்யும். காற்று அதை இடமிருந்து வலமாகத் தள்ளுகிறது என்றால், நீங்கள் வலமிருந்து இடமாக எடுங்கள். ஒரே திசையில் போனால் அதே மேகத் துணுக்கு இரண்டு படத்திலும் வந்து இரட்டைப் பிள்ளையாகிவிடும். எதிர்த்துப் போனால் கொஞ்சம் சுருங்குமே தவிர, இரட்டிக்காது. பறவைக் கூட்டத்துக்கும் கடல் அலைக்கும்கூட இதே வழி.

இணைத்த பிறகு எந்த வடிவத்தில் விரிப்பது என்று லைட்ரூம் மூன்று வழிகளைக் காட்டும். பெர்ஸ்பெக்டிவ் என்பது நேர்கோடுகளை நேராகவே வைக்கும், ஆனால் 100 பாகையைத் தாண்டினால் ஓரங்கள் ரப்பராக இழுபடும். அகலமான மலைக்காட்சிக்கு சிலிண்ட்ரிகல்தான் பொருத்தம். பல வரிசை எடுத்திருந்தால் ஸ்பெரிகல். சிலிண்ட்ரிகலில் ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள்: உங்களுக்குக் குறுக்கே நேராக ஓடும் எஸ்டேட் சாலை, படத்தில் வளைந்துதான் வரும். அது பிழை இல்லை. அடிவானக் கோடு மட்டுமே அதில் நேராக இருக்கும், அதற்கு மேலும் கீழும் உள்ள கிடைக்கோடுகள் வளைந்தே ஆக வேண்டும். வேண்டாமென்றால் சாலையை ஃபிரேமிலிருந்து விலக்குங்கள். பவுண்டரி வார்ப் என்ற அளவை நூறுக்குத் தள்ளி ஓரத்து வெற்றிடத்தை நிரப்பும் பழக்கமும் பலருக்கு உண்டு. அது ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது அடிவானத்தையும் சேர்த்து வளைத்துவிடும். உங்கள் வில்லில் ஒரு பங்கு அதனுடையதாகவும் இருக்கலாம், பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெற்றிடத்தை வெட்டிவிடுவதே நல்லது. அதற்காகத்தான் செங்குத்தாகப் பிடித்து, மேலேயும் கீழேயும் தாராளமாக இடம் விட்டு எடுக்கச் சொல்கிறோம்.

செங்குத்தாகப் பிடிப்பதன் இன்னொரு லாபம் அளவு. உங்கள் கேமராவில் 35 மி.மீ. லென்ஸோடு 180 பாகைக்கு ஏழு படம் போதும். இணைத்து வெட்டினால் ஏறக்குறைய 18,000 பிக்ஸல் அகலம், 5,500 பிக்ஸல் உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் ஐந்தடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் வரும். கோப்பு 16 பிட் டிஃப் (TIFF) வடிவில் இருந்தால் 600 எம்.பி. அருகே போகும், கணினியில் நினைவகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 180 பாகை வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. முழு வட்டத்தின் பாதியை ஒரு நீளத் துண்டாக்கினால், மலை எறும்புப் புற்று மாதிரி சிறுத்துவிடும், கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடும். நின்று பார்க்கும்போது நம்மை உலுக்கிய உயரம் படத்தில் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். நான் அச்சிட்டு மாட்டி வைத்திருப்பவை பெரும்பாலும் 60 முதல் 100 பாகைக்குள், 70 அல்லது 85 மி.மீ. லென்ஸில் எடுத்தவை. 85 மி.மீ. செங்குத்தில் ஒரு படம் 16 பாகை. ஆறு படத்தில் 60 பாகைக் காட்சி வந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும் மலை அடுக்குகள் இந்த நீளக் குவியத்தில்தான் நெருங்கி, கனமாக நிற்கின்றன. முன்னால் தேயிலையும் வராது, முறிவும் வராது.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதில் உள்ள பனோரமா முறை மெல்லிய கீற்றுகளாக எடுத்து ஓட்டத்திலேயே ஒட்டுகிறது, கை கொஞ்சம் அலைந்தாலும் பல்வரிசை மாதிரி படி விழும். அதற்குப் பதில் போனைச் செங்குத்தாகப் பிடித்து, திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டி, தனித்தனிப் படங்களாக எடுத்துவந்து வீட்டில் இணைத்தால் தரம் எங்கேயோ போய்விடும்.

எடுக்கும்போது ஒரு சின்னப் பழக்கம்: ஒவ்வொரு தொகுப்புக்கு முன்னும் பின்னும் உள்ளங்கையை லென்ஸ் முன்னால் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். இருநூறு படங்களுக்கு நடுவில் எந்த ஏழு எந்தத் தொகுப்பு என்று தேடும் வேலை மிச்சம்.

கடைசியாக, கையில் இருக்கும் அந்த ஏழு படங்களை அழித்துவிடாதீர்கள். லைட்ரூமில் ஒட்டு விழும் இடத்தை நம் விருப்பத்துக்கு நகர்த்த முடியாது, ஹ்யூகினில் முடியும். முன்னால் இருக்கும் தேயிலைமேல் விழுந்த பொருத்தப் புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டு, தூரத்து மலையில் உள்ளவற்றை மட்டும் வைத்துப் பொருத்துங்கள். பிறகு எந்தப் படத்தின் எந்தப் பகுதி வர வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க் வரைந்து, ஒரு செடி முழுக்க ஒரே படத்திலிருந்து வரும்படி செய்யுங்கள். ஒட்டுக்கோடு செடியின் நடுவில் ஓடாமல் இரண்டு செடிகளுக்கு இடையில் உள்ள நிழலில் ஓடட்டும். கண் அங்கே நிற்காது. அடிவானத்துக்குச் சமவெளிக் கோட்டில் நான்கைந்து கிடைப்புள்ளிகள் குறியுங்கள். வேலிக் கம்பியை மட்டும் காப்பாற்ற முடியாது, கீழிருந்து வெட்டிவிடுங்கள். வானத்துப் பட்டை முழுதாகப் போகாது. அதனால் இடப்பக்க மூன்று படங்களை விட்டுவிட்டு, நான்காவதிலிருந்து ஏழாவது வரை மட்டும் சேர்த்துப் பாருங்கள். பட்டையின் விளிம்பு இடது ஓரத்தில் இயல்பாக இருண்டு நிற்கும். மேகக் கடலும் சூரியனும் கிட்டத்தட்ட 110 பாகையில் அதற்குள்ளேயே வந்துவிடும்.